ஆணியில் மாட்டாத சாவி

பத்தாம் ஆண்டு விழாவில் வாசிக்க நாகப்பனைப் பற்றி நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்லி சங்கத்தில் கேட்டபோதே வேண்டாம் என்றேன். இந்தக் காலனியில் அவரைப் பற்றி எழுத யோக்கியதை இல்லாத ஒரே ஆள் நான். "ஹில்டா டீச்சர் கையெழுத்து முத்து முத்தா இருக்கும்" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். சரி, எழுதித் தொலைக்கிறேன். ஆனால் பூசி மெழுக மாட்டேன்.

நாகப்பன் நூம்பலில் பிறந்தவர். பத்து வயதிலிருந்து அடுத்தவன் வயலில் சேறு மிதித்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் வேலை கிடைத்ததும் மனைவி நாகவல்லியோடு வந்து, அயனம்பாக்கம் ஏரிக்கரையில் குடிசை போட்டார். வாடகைக்கு வீடு கேட்டுப் போன இடமெல்லாம் ஒரே கேள்விதான்: "நீங்க என்ன ஆளுங்க?" பதில் சொன்னால் கதவு சாத்திக்கொள்ளும்.

இதே கேள்வியைத் தண்ணீர் பிடிக்க வந்தவர்களிடமும் கேட்கப் போய்த்தான் 1968-இல் எங்கள் காலனிக் குழாயடியில் மண்டை உடைந்தது, போலீஸ் வந்தது. அதன் பிறகு கோயில் கமிட்டி ஜானகிராமனும் எங்கள் சர்ச் வேதமுத்துவும் ஒன்றாக உட்கார்ந்து சங்கம் ஆரம்பித்தார்கள். பன்னிரண்டு வீட்டுக்காரர்கள் சம்மதித்தார்கள். காலி வீட்டுச் சாவி என் வீட்டு வாசல் ஆணியில் தொங்கும். முதலில் வருகிறவர் எடுத்துப் போய் வீட்டைப் பார்த்து, நோட்டில் பேரும் வேலை செய்யும் இடமும் எழுதினால் வீடு அவருக்கு. ஊர், சாதி, மதம் யாரும் கேட்கக் கூடாது. இந்த விதியைப் பலகையில் எழுதி மாட்டியதே நான்தான். எவ்வளவு பெருமை எனக்கு!

அடுத்த வருஷம் புரட்டாசியில் நாகப்பன் வந்தார். பின்னால் எட்டு மாத வயிற்றோடு நாகவல்லி.

"யம்மா, ஆறாம் நம்பர் ஊடு காலியா கீதாமே. ஐப்பசி மழை வந்தா குடிசைல தண்ணி பூந்துடும். இவ வேற மாசமா கீறா."

ஆறாம் நம்பர் என் வீட்டை ஒட்டியது. ஒரே சுவர், ஒரே கிணறு. என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

"எந்த ஊருப்பா?"

"நூம்பல்மா."

"கல் மதகுக்கு இந்தண்டையா, அந்தண்டையா?"

"அந்தண்டைம்மா."

மதகுக்கு அந்தண்டை இருப்பது சேரி. வெள்ளையடித்தவன் அப்போதுதான் திருப்பிக் கொடுத்த ஆறாம் நம்பர் சாவியை நான் இன்னும் ஆணியில் மாட்டவில்லை. "சாவியை ஓனர் எடுத்துட்டுப் போயிட்டாரு. ஞாயித்துக்கிழமை வந்து பாரு" என்றேன். சனிக்கிழமையே அந்த வீட்டை வரதன் என்பவருக்குக் கொடுத்தேன். அவரிடம் ஊரைக்கூடக் கேட்கவில்லை.

ஏன் செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் அப்பா பிறந்தது அதே மதகுக்கு அந்தண்டைதான். கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்து, வாத்தியாராகி, ஊரைவிட்டு வந்தவர். காலனியில் எங்கள் பூர்வீகம் ஒருத்தருக்கும் தெரியாது. நாகப்பனைப் பார்க்க வரும் சொந்தக்காரர்களில் யாராவது என்னை அடையாளம் கண்டுகொள்வார்களோ என்று பயந்தேன். சீ, என்ன ஜென்மம் நான்!

ஐப்பசியில் ஏரி நிரம்பிக் குடிசை போயிற்று. நாகவல்லிக்குப் பள்ளிக்கூட வராந்தாவில், ஈரத் தரையில் பிரசவம். பெண் குழந்தை பிழைத்தது. நாகவல்லிக்கு அன்று பிடித்த இளைப்பு இன்னும் விடவில்லை.

தை மாதம் மூன்றாம் தெருவில் அவர்களுக்கு ஒரு வீடு அமைந்தது. அதோடு ஒதுங்கியிருக்கலாம் இல்லையா? நாகப்பன் சங்கத்தில் சேர்ந்தார். ஷிப்ட் முடிந்து அழுக்குச் சட்டையோடு வீடு வீடாகப் போய் வீட்டுக்காரர்களிடம் பேசுவார். திட்டினால் சிரிப்பார், மறுநாளும் போவார். ஐந்து வருஷத்தில் பன்னிரண்டு வீடு முப்பதானது. குழாயடியில் குரல் உயர்ந்தால் முதலில் போய் நடுவில் நிற்பவரும் அவர்தான்.

1974-இல் ஒரு கூட்டத்தில் ஒரு வீட்டுக்காரர் எழுந்து, "டீச்சரே ஆள் பார்த்துத்தான் சாவி கொடுக்குறாங்களாம். அப்புறம் எங்களுக்கு மட்டும் எதுக்கு விதி? எங்க சாவியைக் குடுங்க" என்று கத்தினார். இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள்.

நாகப்பன் எழுந்தார். "டீச்சரம்மாவாண்ட சாவி கெடைக்காம திரும்பிப் போனவன் நான் ஒர்த்தன்தான். அன்னிக்கு ஓனர் எடுத்துகினு பூட்டாரு. அவங்க மேல தப்பு இல்ல."

பாதிக்கப்பட்டவரே சொன்ன பிறகு யார் என்ன பேசுவது? உட்கார்ந்துவிட்டார்கள்.

கூட்டம் முடிந்ததும் அவர் பின்னால் ஓடினேன். "நாகப்பண்ணே, அன்னிக்கு நான் சொன்னது பொய்."

"தெரியும்மா. ஆறாம் நம்பர் சீட்டு கட்டின சாவி ஒங்க இடுப்புலதான் தொங்கினு இருந்துச்சி. நாகவல்லிதான் மொதல்ல பாத்தா."

"அப்புறம் ஏன்...?"

"சங்கம் ஒடஞ்சா ஊடு கேட்டு நிக்கிறவன் எங்க போவான்?" நடந்துகொண்டே சொன்னார்: "மதகுக்கு இந்தண்டையா அந்தண்டையான்னு வெளியூர்க்காரங்க கேக்க மாட்டாங்கம்மா. நீங்க நம்ம ஊர்னு அன்னிக்கே தெரிஞ்சிபோச்சு. யாராண்டயும் சொல்லல. நாகவல்லியாண்ட மட்டும், பாவம், அந்தம்மாவுக்கு இன்னா பயமோன்னு சொன்னேன்."

அன்று அவர் செருப்பால் அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். ஈரத் தரையில் பிள்ளை பெற்றவள் வீட்டில் எனக்காகப் பரிதாபப்பட்டிருக்கிறார்கள்.

நாலு வருஷமாக இதை மனசுக்குள் வைத்துப் பொசுங்கியது போதும். விழாவில் இதை வேறு யாரும் வாசிக்க வேண்டாம், நானே வாசிக்கிறேன். என் அப்பா மதகுக்கு எந்தண்டை பிறந்தார் என்பதையும் சேர்த்துத்தான். நாகவல்லியை முன்வரிசையில் உட்கார வையுங்கள், அவளால் ரொம்ப நேரம் நிற்க முடியாது.