ஆளுக்கு ஒரு கட்டம், பொறுப்புக்கு ஒரு கட்டம்

தொண்ணூறுகளின் கடைசி. நீங்கள் மென்பொருள் செய்கிற முறையை முழுசாக வரைந்து காட்டுங்கள் என்று எங்கள் கம்பெனியின் வெளிநாட்டு வாடிக்கையாளர் கேட்டார். எதையும் கட்டங்களாகவும் அவற்றை இணைக்கிற கோடுகளாகவும் வரைகிற ஆப்ஜெக்ட் முறை என்றால் எல்லோருக்கும் மோகமாக இருந்த காலம். புரோகிராம் மட்டுமல்ல, நாங்கள் வேலை செய்கிற விதத்தையே அப்படி வரையலாம் என்று முன்வந்தவள் என் தோழி. கிழக்கேகோட்டையில் எனக்கு அடுத்த தெரு. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாள். இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் தீரவில்லை.

அவளுக்கு முன்னால் வரைந்து பார்த்தவர்கள் கட்டங்களுக்குள் எங்கள் பெயர்களையே எழுதியிருந்தார்கள். அவள் எல்லாவற்றையும் அழித்தாள். டிசைனர், டெஸ்டர் போன்ற பொறுப்புகளுக்கு ஒரு கட்டம், ஆளுக்கு வேறு கட்டம், நடுவில் ஒரு கோடு.

"ஆள் வேறே, பொறுப்பு வேறேடி. இட்லித் தட்டுல குழி அப்படியே இருக்கும், மாவுதான் மாறும். யார் லீவு போட்டாலும் வேலை நிக்கப்படாது, கேட்டியா?"

"நீ போட்டா?"

"நான் போட்டாலும்தான்" என்று சிரித்தாள். அப்போது முழுகாமல் இருந்தாள்.

வாடிக்கையாளருக்குப் படம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. அவள் பிரசவத்துக்குப் போனதும் மேனேஜர் அதை விரித்து வைத்துக்கொண்டு, கோடுகளை மட்டும் மாற்றி, அவள் பார்த்த பொறுப்புகளை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். ஏதாவது ஒன்றாவது நின்றுபோகட்டும் என்று நான் வேண்டாத தெய்வமில்லை. எல்லாம் ஓடிற்று.

அவள் வீட்டுக்காரருக்கு நிரந்தர வேலை கிடையாது. வீடே இவள் சம்பளத்தை நம்பித்தான் இருந்தது. குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பியவளிடம், இப்போது எந்தப் பொறுப்பும் காலியில்லை, காலியானால் கூப்பிடுகிறோம் என்று மேனேஜர் மலையாளத்தில் தணிவாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

பஸ் ஸ்டாப் வரை கூடவே போனேன். "பெத்துட்டு வந்தவளை வேண்டாம்னு சொல்றது எந்த ஊர் நியாயம்? வா, நானும் வரேன், கேப்போம்" என்றேன்.

"என்னன்னு கேக்கறது? அவர் படத்தைத் தப்பாப் படிக்கலையே. நான் வரைஞ்சது சரியாத்தான் இருக்கு."

பால் கட்டி அவள் ரவிக்கை நனைந்திருந்தது. தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"நாழியாயிடுத்து. யார் எடுத்தாலும் அது அழும். நான்தான் வேணும் அதுக்கு" என்றாள். அதைச் சொல்லி முடித்த பிறகுதான் அழுதாள்.