மூன்றாவது சிலிண்டரின் சுவர்

என் மனைவிக்குக் கோபம் வந்தால் பாத்திரம் உருளாது, குரல் தணியும். தணிந்துவிட்டால் யாருக்கோ ஆப்பு தயாராகிறது என்று அர்த்தம்.

பந்தயக் கார்களுக்கு இன்ஜின் கட்டுவது அவள் தொழில். பள்ளிக்கூடப் பையை வீசிவிட்டு அப்பாவின் பட்டறையில் பிஸ்டன் துடைத்து வளர்ந்தவள். மாமனார் கண்ணை மூடிய கையோடு அவளுடைய அண்ணன், என் அருமை மச்சான், பட்டறைச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

"பொம்பள கட்டின இன்ஜினை நம்பி எவன் உட்காருவான்? போ, வீட்டப் பாரு" என்று வாடிக்கையாளர்கள் முன்னாலேயே சொன்னார். அப்பா விட்டுப்போய் அவள் பார்த்துப் பார்த்துத் தயார் செய்துகொண்டிருந்த இன்ஜின் பிளாக்கையும், அதாவது சிலிண்டர்களைத் தாங்கும் இரும்பு உடலையும், தரவில்லை. படுபாவி! எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

எங்கள் வீட்டுக் கார் கொட்டகையில் அவள் தனியாகத் தொழில் தொடங்கினாள். பஸ் ஓட்டிவிட்டு வந்து நான் நட்டு கழுவிக் கொடுப்பேன். வேலை வருவதே பெரும்பாடு. அப்போதுதான் பந்தய அணி முதலாளி ஒருவர் அண்ணன் தங்கை இருவரிடமும் ஆளுக்கொரு டர்போ இன்ஜின் கேட்டார். மலைப்பாதைப் பந்தயத்தில் எது முந்துகிறதோ, அதைக் கட்டியவருக்கே இனி அணியின் எல்லா வேலையும். தோற்றால் நாங்கள் கொட்டகையை மூடவேண்டியதுதான்.

இன்ஜினைப் பெரிதாக்க இரண்டு வழி. சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கலாம், அது போர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தைக் கூட்டலாம், அது ஸ்ட்ரோக். டர்போ காற்றை அமுக்கித் திணிப்பது. அந்த அழுத்தத்தைத் தாங்கச் சுவர் தடிமனாக வேண்டும். கடையக் கடையச் சுவர் மெலியும். மச்சானோ எதற்கெடுத்தாலும் போர், போர் என்று குதிக்கிற ஆள்.

உதிரிபாகக் கடையில் ஒருநாள் அவரைப் பார்த்தோம். இவள் நேரே போனாள்.

"அண்ணா, அப்பாவோட பிளாக்கைத்தான் கட்டுறியாமே. மூணாவது சிலிண்டர் சுவர் ஒரு பக்கம் மெலிசு, வார்ப்புலயே அப்படி. நான் அளந்திருக்கேன். அதைக் கடையாதே, ஸ்ட்ரோக்கைக் கூட்டு."

குரல் தணிந்திருந்தது. மச்சான் கடைக்காரரைப் பார்த்துச் சிரித்தார். "பார்த்தீங்களா, பயந்துட்டா! அம்மா தாயே, நீ ஸ்ட்ரோக்கைக் கூட்டிக்கோ. நான் நல்லாக் கடைஞ்சு இருக்கறதுலயே பெரிய பிஸ்டனாப் போடுறேன்."

வெளியே வந்ததும் நான் கத்தினேன். "உனக்கென்ன பைத்தியமா? எதிராளிக்குப் போய் உண்மையைச் சொல்றே!"

"பொய் சொல்லியிருந்தா ஒருவேளை அளந்து பார்த்திருப்பான்" என்றாள். "நான் சொன்னதுக்கு நேரெதிராச் செய்யலேன்னா அவனுக்குத் தூக்கம் வராதுங்க."

பந்தயத்தன்று மச்சானின் கார் பாய்ந்துதான் கிளம்பியது. பாதி மலையில் வெள்ளைப் புகை கக்கி நின்றது. ஓட்டியவர் கீறலில்லாமல் இறங்கி டயரை ஓர் உதை விட்டார். மூன்றாவது சிலிண்டரின் சுவர் வெடித்து, இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் உள்ளே புகுந்திருந்தது. நீளமான ஸ்ட்ரோக் வைத்து இவள் கட்டிய இன்ஜின் வளைவுக்கு வளைவு இழுத்துக்கொண்டு போய் உச்சியைத் தொட்டது. நான் தொண்டை கிழியக் கத்தினேன். இவள் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மச்சான் அந்த பிளாக்கைப் பழைய இரும்புக்குப் போட்டார். இவள் போய் அதை வாங்கி வந்து கொட்டகை வாசலில் கவிழ்த்து வைத்தாள். எதற்கு என்று கேட்டேன், விரிசலை வாசல் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

அடுத்த பந்தயப் பருவத்துக்குள் மச்சானின் வாடிக்கையாளர்கள் நழுவிவிட்டார்கள். மிச்சமிருந்த ஒருவரும் தங்கை கட்டின இன்ஜின்தான் வேண்டும் என்றாராம். வேறு வழியில்லாமல் மச்சான் சொல்லியனுப்பிவிட்டு எங்கள் கொட்டகைக்கு வந்து நின்றார். நாற்காலிகளை எல்லாம் அன்று காலையே உள்ளே எடுத்துப் போடும்படி அவள் என்னிடம் சொல்லியிருந்தாள்.

"உட்காருண்ணா."

அவர் சுற்றிலும் பார்த்தார். பிளாக்கைப் பார்த்தார். விரிசல் அவர் பக்கமாகத்தான் இருந்தது. "பரவால்லம்மா, நிக்கிறேன்."

"நான் கட்டின இன்ஜின் வேணும்னா உட்காரு."

பிளாக் மேல் உட்கார்ந்தார்.

"இப்ப சொல்லு, பொம்பள கட்டின இன்ஜினை நம்பி எவன் உட்காருவான்?" என்றாள். குரல் இன்னும் தணிந்தேதான் இருந்தது.