ஈரலுக்கு ஒரு மன்னிப்புக் கடிதம்

எங்கள் பள்ளிவாசல் மரைக்கார்மார் ஒரு கணினி விளையாட்டைக் கண்டு நடுங்கிப்போனார்கள். இன்றைக்கு இதை எழுதும்போது எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. ஆனால் அந்த இரண்டு கிழமை, பதினாலு நாளும் சிரித்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் அது பெரிய பொய்.

மரைக்கார் என்பது எங்கள் கிழக்கிலங்கைக் கரையோரத்து ஊர்களில் ஒரு பதவி. எங்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு குடி உண்டு. குடி தாய் வழியாக வரும். ஒவ்வொரு குடிக்கும் பள்ளிவாசலில் ஒரு மரைக்கார் இருப்பார். பெண்ணால் வருகிற குடிக்கு ஓர் ஆண் போய் உட்கார்ந்து தலையாட்டுவதில் யாருக்கும் ஒரு கூச்சமும் கிடையாது. எங்கள் பள்ளியில் அப்படி ஏழு பேர். தலைவராக இருந்தவர் மாவடிப்பள்ளிப் பக்கம் நெல் ஆலை வைத்திருப்பவர். நல்ல உடம்பு, அதிலும் கழுத்து மிகவும் நல்லது.

நான் வீட்டிலிருந்து கல்யாணக் கார்ட் வடிவமைப்பவள். கல்முனை பஸாரில் இரண்டு அச்சகங்கள் எனக்கு வேலை தரும். கணவர் இரும்புக்கடைக்குப் போன பிறகு வேலையை முடித்து, லுஹர் தொழுது, சோறு தின்று, பிறகு ஒரு மணித்தியாலம் விளையாடுவேன். சில பெண்கள் அந்த நேரத்தில் நாடகம் பார்க்கிறார்கள். நான் கொம்பு முளைத்த ஒரு போர்க்குலத்தில் சேர்ந்து கோட்டைகளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்தக் குலத்துக்கு ஆங்கிலத்தில் வாயில் நுழையாத ஒரு பெயர். நான் அவர்களைக் கொம்பர்கள் என்றே சொல்வேன்.

கொம்பர்களில் வாள்காரர் உண்டு, வில்காரி உண்டு, பொறி வைக்கிறவர் உண்டு. பூசாரி மட்டும் இல்லை. அந்த விளையாட்டில் மற்ற எல்லா இனத்துக்கும் பூசாரி இருக்கிறார். அவர் பின்னால் நின்று கையை உயர்த்தினால் முன்னால் நிற்பவரின் காயம் ஆறிவிடும். கொம்பர்களுக்கு அந்த வசதி இல்லை. காயம் பட்டால் ஒரு குப்பி மருந்து, குப்பி முடிந்தால் சாவு. தமிழில் விளையாட்டுப் பேசும் முகநூல் குழு ஒன்றில் ஒருவர் இதைப் பற்றிப் புலம்பியிருந்தார். இந்த இனத்துக்கு மட்டும் ஏன் பூசாரி இல்லை, இதைச் செய்தவனுக்கு என்ன பைத்தியமா என்று கேட்டிருந்தார்.

எனக்குக் காரணம் தெரியும். விளையாட்டுக்குள்ளே பழைய சுவடிகள் கிடைக்கும். அவசரக்காரர்கள் அவற்றை வாசிக்காமல் தாண்டிப் போவார்கள். நான் எல்லாவற்றையும் வாசித்திருந்தேன். அதனால் ஒரு பின்னேரம் உட்கார்ந்து நல்ல தமிழில் விரிவாக எழுதிப் போட்டேன்.

கதை இதுதான். கொம்பர்களுக்கும் ஒரு காலத்தில் பூசாரிகள் இருந்தார்கள், குலத்துக்கு ஒருவர். போருக்கு முன் ஒரு மிருகத்தைப் பலியிடுவார்கள். போரின் முடிவைத் தெய்வம் அதன் ஈரலில் எழுதி வைத்திருக்கும் என்பது நம்பிக்கை. அந்த எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர் பூசாரி. ஆகவே ஈரல் பூசாரிக்கு, இறைச்சி படைத்தலைவர்களுக்கு, எலும்பும் குளம்பும் போரில் இறந்தவர்களின் விதவைகளுக்கு. போரில் வென்றால் பூசாரி சரியாக வாசித்தார். தோற்றால் படையில் எவனோ பாவம் செய்திருக்கிறான். அந்த எவனோ யார் என்பதையும் பூசாரியே கண்டுபிடிப்பார். அவனை எரிப்பார்கள். ஒரு மாரிக்காலத்தில் கோட்டையை எதிரி சூழ்ந்துகொண்டான். உள்ளே பசி. கணவனையும் இரண்டு மகன்மாரையும் இழந்த ஒரு போராளிப் பெண், ஈரலை வாசிக்கும் முன் நானும் ஒருதடவை பார்க்கவேண்டும் என்று கேட்டாள். பெண்கள் பார்த்தால் எழுத்து அழிந்துவிடும் என்றார்கள். அவள் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போனாள். ஈரல் சட்டியில் வெந்துகொண்டிருந்தது. கழுத்துப் பெருத்த தலைமைப் பூசாரி உப்புப் போதுமா என்று அகப்பையால் எடுத்து ருசி பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றோடு கொம்பர்கள் பூசாரிகளை விரட்டிவிட்டார்கள். பலிபீடத்தைப் பெயர்த்துக் கொல்லன் பட்டறைக்குக் கொடுத்தார்கள். தெய்வம் இல்லை என்று அவர்கள் ஒருநாளும் சொல்லவில்லை என்பதையும் நான் குறிப்பிட்டு எழுதினேன். தெய்வத்துக்காகக் கதைக்க இனி ஆள் வேண்டாம் என்றுதான் முடிவெடுத்தார்கள். அவ்வளவுதான் நான் எழுதியது. எழுதிய கையோடு அஸர் தொழப் போனேன்.

நான் கவனிக்காத ஒரு விசயம் இருந்தது. அது ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து நாலாம் நாள். பள்ளிவாசல் வளவில் குர்பான் மாடுகள் அறுத்து, இறைச்சியைச் சொப்பிங் பேக்கில் கட்டி வீட்டுக்கு வீடு கொடுத்து முடிந்திருந்தது. எங்கள் பக்கத்து வீட்டு விதவைக்கு வந்த பையில் பாதிக்கு மேல் எலும்பு. அத்தனை மாட்டுக்கும் அத்தனை ஈரல் இருந்திருக்க வேண்டும். ஊரில் ஒரு பையிலும் ஈரல் வரவில்லை. அது எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. விளையாட்டுச் சுவடியில் இருந்த ஈரலை எழுதினேன், அவ்வளவுதான்.

யாரோ அதை எடுத்து ஊர் வட்ஸ்அப் குழுவில் போட்டார். ஒரு வரியும் வெட்டவில்லை, இது இன்ன விளையாட்டின் கதை என்று நான் முதலிலேயே எழுதியிருந்ததும் அப்படியே இருந்தது. புனைபெயரில்தான் எழுதியிருந்தேன். ஆனால் அதே புனைபெயரில்தான் கல்யாணக் கார்ட் விளம்பரமும் போட்டிருந்தேன். புத்திசாலித்தனத்தில் நானும் மரைக்கார்மாருக்குக் குறைந்தவள் அல்ல.

கணவர் கடையிலிருந்து நேரத்தோடு வந்தார்.

“இஞ்ச, என்னப் பள்ளிக்கி வரட்டாம்” என்றார்.

“என்னத்துக்கு மச்சான்?”

“நீங்க எழுதினதுக்குத்தான்.”

“எழுதினது நான். ஒங்கள எதுக்குக் கூப்பிடுறாங்க?”

அவர் சாரத்தை மாற்றி, தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார். என் கணவர் கெட்டவர் அல்ல. யாரைக் கண்டாலும் ஓம் ஓம் என்று சொல்லும் நோய் மட்டும் அவருக்கு உண்டு.

திரும்பி வந்தவர் நடந்ததைச் சொன்னார். ஏழு பேரும் என் கதையைக் கடதாசியில் அச்சடித்து ஆளுக்கொன்றாக வைத்திருந்தார்களாம். தலைவர் ஓர் இடத்தில் சிவப்புக் கோடு போட்டிருந்தாராம்.

“‘கழுத்துப் பெருத்தவர் எண்டு எழுதியிரிக்கி. ஊருல அது ஆரு, நீங்களே செல்லுங்க’ எண்டு கேட்டாரு” என்றார் கணவர்.

“நீங்க என்ன செல்லின?”

“நான் என்னத்தச் செல்ல? அவர்ர மொகத்தப் பாக்காமக் கீழ பாத்துக்கிட்டு இரிந்தன்.”

அடுத்தவர், குலத்துக்கு ஒரு பூசாரி என்றால் குடிக்கு ஒரு மரைக்கார் என்பதைத்தான் சொல்கிறாள் என்று விளக்கம் கொடுத்தாராம். விளையாட்டு என்று போட்டிருப்பது வெறும் மூடியாம். மரைக்கார்மாரில் மெலிந்தவர் ஒருவர் இருக்கிறார். அவர் கதையை இரண்டு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு, தன்னைப் பற்றி ஒன்றும் இல்லையென்று கண்டு மனம் சோர்ந்துபோனாராம். இது என் கணவர் சேர்த்ததாகவும் இருக்கலாம். பள்ளி மௌலவி மட்டும் மெல்லிய குரலில், “இதுல ஈமானுக்குப் பழுதா ஒண்டுமில்லயே” என்று சொல்லியிருக்கிறார். தலைவர் திரும்பிப் பார்த்ததும் தேத்தண்ணீரைக் கையில் எடுத்துக்கொண்டாராம்.

நூற்றுக்கணக்கான பேர் அந்தக் கதையை வாசித்திருப்பார்கள். கொம்பும் வாலும் உள்ள, இல்லாத ஊரில் வாழ்கிற, ஈரல் திருடுகிற பூசாரியில் தங்களைக் கண்டுகொண்டவர்கள் இந்த ஏழு பேர் மட்டும்தான். கண்ணாடி பிடித்துக் காட்டியவரும் இல்லை. தாங்களாகவே வந்து எட்டிப் பார்த்து, அது நாங்கள்தான் என்று கையெழுத்துப் போட்டார்கள்.

இதோடு போயிருந்தால் நான் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அவர்கள் கையில் என் தங்கச்சி இருந்தாள்.

அவளுக்குப் பொத்துவிலில் மாப்பிள்ளை பேசி, நிக்காஹ் நாளும் குறித்தாயிற்று. இன்னும் இரண்டு கிழமை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வளவின் பின்பக்கத்தில் அவளுக்கு வீடு கட்டி, பெயின்ற்றும் அடித்து, கட்டிலும் போட்டாயிற்று. மிச்சம் இருந்தது ஒரு கடிதம். பெண் இன்ன ஜமாஅத்தைச் சேர்ந்தவள், முன்பு நிக்காஹ் நடக்கவில்லை என்று எங்கள் பள்ளி எழுதித் தந்தால்தான் மாப்பிள்ளையின் பள்ளியில் காரியம் நகரும். அந்தக் கடிதத்தை நிறுத்தி வைத்துவிட்டார்கள். ராத்தாவின் ஈமானே, அதாவது இறைநம்பிக்கையே, சந்தேகத்தில் இருக்கும்போது தங்கச்சிக்குக் கடிதம் கொடுப்பதைப் பற்றி யோசிக்க வேண்டுமாம்.

நான் ஒரு பக்கத்தில் பதில் எழுதிக் கொடுத்தேன். இது ஒரு விளையாட்டின் கதை, நான் ஐந்து வேளை தொழுகிறவள், நோன்பு விட்டதில்லை, யாரையும் குறித்து எழுதவில்லை என்று எழுதினேன். அது திரும்பி வந்தது. கூடவே அவர்களே தட்டச்சுச் செய்த ஒரு கடிதமும் வந்தது. நான் கீழே கையெழுத்துப் போட்டால் போதும்.

கார்ட் வேலை செய்பவள் என்பதால் எதையும் முதலில் இடத்தை அளந்துதான் பார்ப்பேன். அல்லாஹ்விடம் தௌபாச் செய்து, பாவமன்னிப்புக் கேட்டு, ஈமானுக்கு மீண்டேன் என்பது ஒரு வரி. இனி விளையாடமாட்டேன் என்பது ஒரு வரி. மிச்சம் முழுவதும் இதுதான்: மேற்படி ஆக்கத்தில் வரும் கழுத்துப் பெருத்த பூசாரி எமது பள்ளிவாசல் நிருவாகத்தின் கௌரவ தலைவரையோ ஏனைய மரைக்கார்மாரையோ எவ்வகையிலும் குறிக்கவில்லை என்றும், அதில் கூறப்பட்ட ஈரலானது சென்ற ஹஜ்ஜுப் பெருநாளன்று பள்ளிவாசல் வளவில் அறுக்கப்பட்ட மாடுகளின் ஈரல் அல்லவென்றும், அவ்வீரல்கள் யாவும் முறைப்படி பங்கிடப்பட்டன என்றும் இத்தால் உறுதியளிக்கின்றேன். படைத்தவனுக்கு ஒரு வரி, ஈரலுக்கு ஆறு வரி.

“இதப் போடமாட்டன்” என்றேன். “நான் எப்ப ஈமான உட்டன், திரும்பி வாறத்துக்கு?”

தங்கச்சி பின்வீட்டுக் கதவுநிலையில் சாய்ந்து நின்றாள். மூன்று நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மாப்பிள்ளையின் தாய் போன் எடுத்து, கடிதம் ஏன் சுணங்குகிறது என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

“ராத்தா, ஒரு கையெழுத்துத்தானே” என்றாள் தங்கச்சி.

போட்டேன். முகநூலில் இருந்ததையும் அழித்தேன். கொம்பர்கள் என்னைப் பார்த்திருந்தால் கோட்டை வாசலில் கூட நிற்கவிட்டிருக்கமாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் ஒலிபெருக்கியில் என் கடிதத்தை வாசித்தார்கள். அது அவர்களுடைய யோசனை. ஊருக்கு உண்மை தெரியவேண்டுமாம். நானும் உம்மாவும் தங்கச்சியும் குசினியில் நின்று கேட்டோம். பெயர் சொல்லவில்லை, எமது மஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரி என்றார்கள். தெருவில் மூன்று வயதுப் பிள்ளைக்கும் அது யாரென்று தெரியும். முதல் வரி அமைதியாகப் போனது. கழுத்துப் பெருத்த பூசாரி எமது கௌரவ தலைவரைக் குறிக்கவில்லை என்ற இடத்தில் பள்ளிக்குள்ளே யாரோ இருமினார். ஈரலானது என்றதும் இன்னும் நாலைந்து இருமல். அவ்வீரல்கள் யாவும் முறைப்படி பங்கிடப்பட்டன என்று வாசித்தபோது எவரோ அடக்கமுடியாமல் சிரித்துவிட்டார். அது ஒலிபெருக்கியில் தெளிவாகக் கேட்டது. பிறகு பள்ளி முழுவதும் சிரித்தது. வட்ஸ்அப்பே பார்க்காத கிழவர்களுக்கும் ஈரல் விசயத்தை மரைக்கார்மாரே வீடு தேடிப் போய்ச் சொன்னதுபோல் ஆயிற்று.

உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. தங்கச்சி சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் சிரிப்பதைப் பார்த்தேன். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். இந்த மடையர்களுக்கு இதைவிடப் பெரிய தண்டனையை நானே யோசித்தும் கொடுத்திருக்க முடியாது.

அப்போது தலைவர் ஒலிவாங்கியை வாங்கினார்.

“சரி, போதும். அந்தப் புள்ளக்கி அல்லாஹ் நேர்வழியக் காட்டணும், ஈமான உறுதியாக்கி வெக்கணும் எண்டு எல்லாரும் துஆக் கேளுங்க” என்றார்.

ஆமீன் என்றது பள்ளி. சிரிப்பு மாறாத குரலில், பழக்கத்தில் சொன்ன ஆமீன். உம்மாவும் கையை ஏந்தி ஆமீன் என்றா. எந்த துஆவுக்கும் அவ அப்படித்தான் சொல்லுவா.

தங்கச்சியின் சிரிப்பு மட்டும் நின்றுவிட்டது. இரண்டு கையையும் ஏந்தி, கண்ணை இறுக மூடி, உதடு துடிக்க ஆமீன் என்றாள். கையை முகத்தில் தடவிக்கொண்டு என்னிடம் வந்து என் தோளைத் தொட்டாள்.

“இனி எல்லாம் சரி, ராத்தா. அல்லாஹ் மன்னிப்பான்” என்றாள்.

அந்தக் கடிதத்தை ஊரில் ஒருவரும் நம்பவில்லை. எழுதிய ஏழு பேரும் நம்பவில்லை. நம்பியவள் அவள் ஒருத்திதான்.