வெள்ளைக்காரன் திருடிய குதிரை

என் மாமா வரைந்த குதிரையை ஒரு வெள்ளைக்காரன் திருடிவிட்டான் என்பதை நான் கண்டுபிடித்தது, மாமாவின் நிச்சயதார்த்தத்துக்குப் புடவை எடுக்கப் போன அன்று. விழுப்புரத்தில் கடை கடையாக ஏறி இறங்கியதில் கால் வலித்து நான் அழ, என் வாயை அடைக்க அப்பா ஸ்டேஷன் பக்கத்து நடைபாதையில் ஒரு பழைய இங்கிலீஷ் சித்திரக்கதைப் புத்தகம் வாங்கிக் கொடுத்தார். ஊர் திரும்ப திண்டிவனம் பஸ்ஸில் உட்கார்ந்து பிரித்தேன். நடுப்பக்கத்தில் எங்கள் குதிரை நின்றது.

எங்கள் குதிரை என்றால், அம்மாவின் தம்பியான மாமா வரைந்தது. சென்னையிலிருந்து வந்த ஒரு சிறுவர் மாத இதழில் அவர் சித்திரத்தொடர் வரைந்துகொண்டிருந்தார். எங்கள் தெருவில் பத்திரிகையில் பெயர் வந்த ஒரே ஆள் அவர்தான். அதே குதிரை, அதே மாதிரி பின்னங்கால்களில் எழுந்து நின்றது. கீழே அதே உடைந்த பாலம். ஒரே வித்தியாசம், எங்கள் வீரன் தலைப்பாகை கட்டியிருந்தான், இவன் தொப்பி போட்டிருந்தான். தலைப்பாகையைத் தொப்பியாக்கிவிட்டால் யாருக்கும் தெரியாது என்று அந்த வெள்ளைக்காரன் நினைத்திருக்கிறான். எனக்கு எட்டு வயது. ரத்தம் கொதித்தது.

ஆனாலும் யாரிடமும் மூச்சு விடவில்லை. சபையில் சொன்னால்தான் மாமாவின் பெருமை எல்லாருக்கும் தெரியும் என்று தோன்றியது. நிச்சயத்தன்று புத்தகத்தையும் மாமாவின் இதழையும் பாவாடைக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு கோலியனூரில் இருந்த பெண் வீட்டுக்குப் போனேன்.

தட்டு மாற்றுவதற்கு முன்னால் பெண்ணின் அப்பா மெல்லத் தொடங்கினார்.

“தப்பா நெனைக்காதீங்க. படம் வரையறதெல்லாம் நெலையான வேலைங்களா?”

அப்பா தொண்டையைச் செருமுவதற்குள் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

“தாத்தா, ஃபாரின்லயே எங்க மாமாவப் பாத்துதான் காப்பி அடிச்சிக்கினு கீறாங்க. இதோ பாருங்க!”

இரண்டும் கைமாறிக் கைமாறிச் சபையைச் சுற்றி வந்தன. “அட, அச்சு அசலா அப்படியே இருக்குதே,” என்றார் பெண்ணின் அண்ணன். “வெள்ளைக்காரனே நம்ம மாப்பிள்ளையப் பாத்து வரையறான்னா பாத்துக்குங்க.” அப்பா மார்பை நிமிர்த்திக்கொண்டு, “கேஸு போட்டா நிக்கும்,” என்றார். மாமாவின் முகம் மட்டும் வெளுத்து வியர்த்திருந்தது. கோபத்தில்தான் அப்படி ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

கடைசியில் புத்தகம் மணப்பெண்ணிடம் போனது. மற்றவர்களெல்லாம் குதிரையைப் பார்க்க, அவர் முதல் பக்கத்தைத் திருப்பி அடியிலிருந்த பொடி எழுத்துக்களைப் படித்தார். பிறகு மாமாவைப் பார்த்தார். மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

“பாப்பா, இத நான் வச்சிக்கட்டுமா?”

“கேஸுக்கு வேணுமே.”

“பத்திரமா வச்சிருப்பேன்,” என்று மடியில் வைத்துக்கொண்டார். பிறகு தன் அப்பாவிடம், “தட்டு மாத்தறதுக்கு முன்னாடி அவர்கிட்ட கொஞ்சம் பேசணும்பா,” என்றார்.

இருவரும் தோட்டத்துப் பக்கம் போனார்கள். காப்பி ஆறிப்போகும் வரை வரவில்லை. அம்மா புடவைத் தட்டைப் பிடித்தபடி தோட்டத்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்த மணப்பெண்ணின் கண்கள் சிவந்திருந்தன. “எனக்குச் சம்மதம்பா,” என்றார். அப்படித்தான் அவர் எனக்கு அத்தையானார்.

அந்தப் புத்தகம் மாமா பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அச்சானது என்பதை, நான் கல்லூரிக்குப் போன பிறகு அத்தைதான் சொன்னார். அந்தப் பொடி எழுத்தில் வருடம் போட்டிருந்ததாம். தோட்டத்தில் அவர் கேட்டது ஒரே கேள்விதான். மாமா எதையும் மறைக்காமல், குதிரை மட்டுமல்ல, வீரன், பாலம், மலை எல்லாமே மெல்லிய தாளை மேலே வைத்து டிரேஸ் எடுத்தவைதான் என்று சொல்லிவிட்டார். “சொந்தமா வரைய வருமான்னே தெரியாதுங்க. வரைஞ்சு பாத்ததே இல்ல,” என்றாராம். வேறு யாராவது கண்டுபிடிப்பதற்கு முன் பத்திரிகையில் அவரே போய்ச் சொல்லிவிட வேண்டும் என்றிருக்கிறார் அத்தை. மாமா போய்ச் சொன்னதும் தொடரை நிறுத்திவிட்டார்கள். பல மாதம் கழித்து, கடைசிப் பக்கத்தில் அவர் சொந்தமாக வரைந்த ஒரு சின்னச் சித்திரக்கதைக்கு இடம் கொடுத்தார்கள்.

இதைக் கேட்டதும் எனக்குக் குப்பென்று வியர்த்தது. என்னால் நின்றுபோயிருக்க வேண்டிய கல்யாணம் அது. நான் பள்ளி முடிக்கும்வரை, வெள்ளைக்காரன் எங்கள் மாமாவைக் காப்பி அடித்த கதையைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். ஒருநாள்கூட மாமாவும் அத்தையும் என்னை நிறுத்தியதில்லை. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ அன்னிக்கு எடுத்துக்கினு வரலன்னா அவரு இன்னும் டிரேஸ்தான் எடுத்துக்கினு இருந்திருப்பாரு. உனக்கு நாங்கதான்டி நன்றி சொல்லணும்,” என்றார்.

அந்தக் கடைசிப் பக்கம் வந்த இதழ் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கல்யாணம் முடிந்த புதிது. வீரன் இல்லை, குதிரை இல்லை. திண்டிவனம் ஏரிக்கரையில் ஒரு சிறுமி, செயின் கழன்ற சைக்கிள், வழியை மறித்துக்கொண்டு ஒரு எருமை. கோடெல்லாம் நடுங்கியிருந்தது. மாமா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னா மாமா, எருமை நாய் மாதிரி கீது? கல்யாணம் ஆனதுலேர்ந்து உனக்கு வரையவே வரல.”

அம்மா என் தலையில் குட்டினார். எனக்கோ மாமாவின் மீது பரிதாபமாக இருந்தது. “அத்தைகிட்ட அந்த புக்கு கீதுல்ல மாமா? அவன் உன்னப் பாத்து வரைஞ்சான்ல, நீயும் அவனப் பாத்து வரைஞ்சிக்கோ,” என்றேன்.

மாமா சிரிக்கத் தொடங்கினார். அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்த அத்தையும் சிரித்தார். சிரித்துச் சிரித்து மாமாவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என்னைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டு, “நாய் மாதிரி இருந்தாலும் அது என் எருமைடி,” என்றார்.

இவ்வளவு கேவலமாக வரைந்துவிட்டு ஒரு மனிதர் எப்படி இவ்வளவு சந்தோஷமாக இருக்க முடியும் என்று, அவர் தோளில் உட்கார்ந்தபடி நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.