வெறும் வயிற்றோடு திருப்பதி பஸ்ஸில்

பசி என்றால் என்னவென்று எனக்கு வெகுநாள் தெரியாது. பசிப்பதற்கு முன்பே மயக்கம் வந்துவிடும். சேர்த்து வைத்த சர்க்கரையை என் கல்லீரல் வெளியே விடாது. அம்மா, நைனா இருவர் வழியாகவும் வந்த பிறவிக் குறை. வேளைக்கு வேளை பச்சை கார்ன்ஃபிளார் மாவைத் தண்ணீரில் கலக்கிக் குடித்தே வளர்ந்தேன். தூக்கத்திலும் எழுப்பிக் கொடுப்பார்கள்.

முப்பதைத் தாண்டியதும் ஸ்கேனில் ஈரல் முழுக்கக் கட்டிகள் தெரிந்தன. புற்றுநோய் இல்லை என்றார் டாக்டர். ஆனால் உடைந்து ரத்தம் கசியலாம், பின்னால் புற்றாக மாறவும் செய்யலாம். இத்தனையை வெட்டியெடுக்க முடியாது, ஈரலையே மாற்றிவிடலாம் என்றார்.

தன் ஈரலில் பாதியைத் தர முன்வந்தவர் என் வீட்டுக்காரர். சித்தூரில் கிரானைட் பாலிஷ் போடுகிறவர், போண்டாப் பிரியர். ஈரலில் கொழுப்பு இருக்கிறது, இளைத்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். நான் மாவு குடிக்கும்போதெல்லாம் எதிரே வெள்ளரிக்காயைக் கடித்தபடி முறைப்பார்.

அவர் இளைத்ததும் சென்னையில் ஆபரேஷன் நடந்து இருவரும் தேறினோம். புது ஈரல் சர்க்கரையைத் தானே வெளியே விடும், இனி மாவு வேண்டாம் என்றார் டாக்டர். ஆனாலும் வீட்டில் பயந்துபோய்க் கடிகாரம் பார்த்தே எனக்குச் சோறு போட்டார்கள். சில மாதங்கள் கழித்து, திருப்பதியில் ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் வரச் சொன்னார்கள். அதுவரை யாரும் என்னிடம் சொல்லாத வார்த்தை.

சந்திரகிரிக்கு முன்னால் பஸ் பஞ்சராகி நின்றது. இறங்கி மரத்தடியில் நின்றபோது என் வயிறு சுருண்டு, கடகடவென்று சத்தம் போட்டது. என் முகத்தைப் பார்த்து அவர் பதறினார்.

"இன்னா பண்ணுது? தலை சுத்துதா?"

"இல்ல. பசிக்குதுன்னு நெனைக்கிறேன்."

பையிலிருந்த சர்க்கரை பார்க்கும் கருவியை எடுத்து என் விரலில் குத்திப் பார்த்தார். சர்க்கரை சரியாக இருந்தது. நம்பாமல் இன்னொரு விரலிலும் குத்தினார். அதுவும் சரி. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்க முடியவில்லை. என்ன ஆச்சு என்று கண்டக்டர் தெலுங்கில் கேட்டார். என் மனைவிக்குப் பசிக்கிறது என்று இவரும் தெலுங்கிலேயே, எல்லோருக்கும் கேட்கும்படி, பெருமையாகச் சொன்னார். கண்டக்டர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு பிஸ்கட்டை நீட்டினார். நான் கும்பிட்டு வேண்டாம் என்றேன். இன்னும் கொஞ்ச நேரம் பசிக்கட்டும் என்றிருந்தது.

ரத்தம் கொடுத்துவிட்டு எதிர் ஓட்டலில் உட்கார்ந்தோம். ஆவி பறக்க இட்லி வந்தது.

"மெதுவா துன்னு. எங்கயும் ஓடிப் போவாது" என்றார் அவர்.

வாய் நிறைய இட்லியோடு சிரித்ததில் சாம்பார் மூக்கில் ஏறியது.