அக்காவின் குத்துப்பலகை

தடித்த தாளில் ஊசி இறங்கும் 'டக் டக்' ஓசையோடுதான் நகரியில் எங்கள் வீட்டு மாலைகள் கழிந்தன. பெரியம்மையில் கண்பார்வை இழந்த என் அக்கா சரோஜா, வரிசையாகத் துளைகள் வெட்டிய தகட்டுச் சட்டத்துக்குள் தாளைச் செருகி, மரப்பிடி போட்ட ஊசியால் வலமிருந்து இடமாகப் புள்ளி குத்திக்கொண்டே போவாள். பிறகு தாளைத் திருப்பி, மறுபக்கம் எழும்பியிருக்கும் புள்ளிகளை விரலால் தடவிப் படிப்பாள். அந்தச் சட்டத்துக்கு எங்கள் வீட்டில் 'குத்துப்பலகை' என்று பெயர்.

சென்னையில் பார்வையற்றோருக்கான ஒரு விடுதிப் பள்ளியில் அவள் அந்தப் பிரெயில் எழுத்தைக் கற்றாள். ஆந்திர ராஜ்யம் பிரிந்து நகரி அதில் சேர்ந்ததும், வேறு ராஜ்யத்துப் பிள்ளைக்கு இங்கே உதவித்தொகை கிடையாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எல்லை எங்கே விழும் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த அந்த நாட்களில் எங்கள் பள்ளியில் தமிழ் வகுப்புகள் குறைந்து தெலுங்கு ஏறியது. சைக்கிள் கடை வைத்திருந்த அப்பா, எங்கள் நைனா, தலைமையாசிரியரான பெரிய சாரிடம் கெஞ்சி, அக்காவை என் வகுப்பிலேயே சேர்த்தார்.

புதிய எழுத்துகளோடு நான் மல்லாடிக்கொண்டிருந்தபோது அவள் சிரித்தாள். "உனுக்குத்தான்டி எழுத்து மாறிப்போச்சு. எனுக்கு தமிழ் 'க'னாவுக்கும் தெலுங்கு 'க'னாவுக்கும் அதே புள்ளிதான். தெலுங்குல கொஞ்சம் எழுத்து கூட இருக்குது, அவ்ளோதான்." இந்திய மொழிகளுக்கெல்லாம் ஒரே புள்ளி முறை என்பது அதன்பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

முதல் பரீட்சையில் அவள் குத்திக் கொடுத்த தாளைப் பெரிய சார் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இத யாரும்மா திருத்தறது?" என்றவர், அதைத் தம் அலமாரியில் வைத்துப் பூட்டி, சில நாள் கழித்து அவளைக் கூப்பிட்டு, "சதுவம்மா" என்று படிக்கச் சொல்லி நீட்டினார். அக்கா விரலை ஓடவிட்டு, தெலுங்கில் எழுதியிருந்ததை ஓரிடத்திலும் தடுக்காமல் படித்தாள். அன்றிலிருந்து, அவள் படித்துக் காட்ட, அவளுக்கும் மதிப்பெண் கிடைத்தது.

எட்டாம் வகுப்புப் பொதுப்பரீட்சைக்கு இந்த ஏற்பாடு செல்லவில்லை. புள்ளித் தாளைத் திருத்த ஆளில்லை, அவள் சொல்ல வேறொருவர் எழுதவும் விதியில்லை என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். பெரிய சாரே வீட்டுக்கு வந்து, "எவ்வளவோ கேட்டுப் பாத்துட்டேன், தல்லி" என்று அக்காவிடம் சொன்னார். அம்மா அவருக்குத் தண்ணீர் கொடுக்கக்கூட மறந்து நின்றாள்.

பரீட்சை முடிந்து நான் வீடு திரும்பியதும், "இன்னா கேட்டாங்க, சொல்லு" என்றாள் அக்கா. ஒவ்வொரு கேள்வியாகச் சொன்னேன். அத்தனைக்கும் பதில் குத்தி முடித்து, கடையிலிருந்து வந்த நைனாவை நிறுத்திப் படித்துக் காட்டினாள். எழுத்தே அறியாத நைனா, கிரீஸ் அப்பிய கையைக்கூடக் கழுவாமல் நின்று கேட்டார்.

"பாஸா நைனா?"

"பாஸ்தாம்மா," என்றவர், முகத்தைத் திருப்பிக்கொண்டு கொல்லைப்புறம் போய்விட்டார்.

எல்லை முடிவானபோது திருத்தணி தமிழ்ப் பக்கம் போக, நாங்கள் ஆந்திரப் பக்கமே நின்றோம். அக்கா அதன்பின் பள்ளிக்கூடம் போகவில்லை. முப்பது வயதுக்குள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அவளுடைய தாள்களில் ஒன்றுகூட இன்று எங்களிடம் இல்லை. நாங்கள் படித்த ஓட்டுக் கட்டடமும் இல்லை, தமிழ் வகுப்பும் இல்லை.

சென்ற மாதம் திருப்பதியில் பேருந்தில் என் பக்கத்தில் பார்வையற்ற ஒரு கல்லூரி மாணவி உட்கார்ந்திருந்தாள். அவள் கைபேசி பாடத்தை வாசிக்க, கேட்டுக்கொண்டே வந்தாள். பரீட்சைக்குப் போகிறாளாம், அவள் சொல்லச் சொல்ல எழுத ஒரு பெண் பரீட்சை மண்டப வாசலில் காத்திருப்பாளாம். எனக்கும் இப்படி ஒரு அக்கா இருந்தாள் என்றேன்.

"எதுவரைக்கும் படிச்சாங்க, ஆன்ட்டி?"

நான் இறங்கவேண்டிய அலிபிரி வந்துவிட்டது. "எட்டாவது பாஸும்மா" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.