ஐஸ் தண்ணீரும் பெட்ரோலும்

எண்பதுகளின் கடைசியில், காலை வேளைகளில் பெருங்களத்தூர் ரயில்வே கேட் மூடியதும் அந்த மீன்காரர் என் பக்கத்தில்தான் வந்து நிற்பார். சைக்கிள் கேரியரில் கூடை, உதட்டில் பற்றவைக்காத பீடி. கூடையிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டும். நான் செகண்ட் ஹேண்டில் வாங்கிய மோட்டார் சைக்கிளிலிருந்து பெட்ரோல் சொட்டும். இரண்டும் தரையில் கலந்து, ஊதாவும் பச்சையுமாக மெல்ல விரியும். அதையே பார்த்துக்கொண்டு நிற்போம். ரயில் போவதுகூட எங்கோ தொலைவில் கேட்பதுபோல் இருக்கும்.

"ஏண்ணா, பீடியைப் பத்தவைக்கறதே இல்லையா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"உன் வண்டி ஒழுகிகினு கீதே சார்! பத்தவச்சா ரெண்டு பேரும் ஒண்ணா போய்ச் சேரவேண்டியதுதான்."

எனக்குக் கூச்சமாகிவிட்டது. அன்று மாலையே வண்டியை மெக்கானிக்கிடம் விட்டேன். கார்பரேட்டருக்குள் தேய்ந்துபோயிருந்த ஊசியை மாற்றினார். ஒழுகல் நின்றது, ஓடும்போது திணறுவதும் நின்றது.

மறுநாள் கேட்டில் தீப்பெட்டியை நீட்டினேன். "இனிமே பயமில்லண்ணா, பத்தவைங்க."

அவர் குனிந்து தரையைப் பார்த்தார். வெறும் தண்ணீர்தான் தேங்கியிருந்தது.

"கலரு பூட்ச்சே சார்" என்றார். பீடியை எடுத்துக் காதில் செருகிக்கொண்டார்.

கேட் திறந்தது. ஒரே உதையில் வண்டி கிளம்பிவிட்டது. எனக்குத்தான் கிளம்ப மனம் வரவில்லை.